டெக் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் வைத்தால் ஏன் கொதிக்கிறது?

அப்பா காலத்து வீடியோ டெக்கை வெறும் கூடாக்கி, உள்ளே மினி ஐ.டி.எக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டும் ஐ5-8400 பிராசஸரும் பொருத்தி, டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறீர்கள். படம் போட்டு முக்கால் மணி நேரம் ஆனதும் பிராசஸர் 96 டிகிரியைத் தொடுகிறது. படம் திக்கித் திக்கி ஓடுகிறது, ஃபேன் மிக்ஸி மாதிரிக் கத்துகிறது. பிராசஸரின் மேல் உட்காரும் கூலரைப் பெரிதாக வாங்குவதா, மூடியை வெட்டி இன்னொரு ஃபேன் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். எத்தனை ஃபேன், என்ன அளவு என்றெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். உள்ளே போன காற்று எந்த வழியாக வெளியே வருகிறது என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தொண்ணூறுகளில் டெக்கும் டி.வி.யும் பழுது பார்க்கும் கடையில் தொழில் கற்றவன் நான். அப்புறம் காலத்தோடு கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்து சேர்ந்தேன். அதனால் இந்தப் பெட்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரியும். உங்கள் டெக்கின் முதுகில் ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதில் வாட் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் இருபது, முப்பது என்றுதான் போட்டிருப்பார்கள். அந்தச் சூட்டுக்குத்தான் மூடியின் பின்மூலையில், டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்துக்கு நேர் மேலே, சீப்புப் பல் மாதிரி நாலைந்து வரிசை கீறல் வைத்தார்கள். உங்கள் பிராசஸருக்கு இன்டெல் போட்டிருக்கும் கணக்கே 65 வாட். அது தவிர போர்டு, ராம், டிஸ்க் எல்லாம் உண்டு. இருபது பேருக்குக் கட்டின வீட்டில் எழுபது பேர் பந்திக்கு உட்கார்ந்த கதை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே படத்தை அதே முக்கால் மணி நேரம் ஓட விடுங்கள். விண்டோஸ் என்றால் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ, லினக்ஸ் என்றால் சென்சார்ஸ் கட்டளை, எதில் வேண்டுமானாலும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடி திறந்திருக்கும்போது பதினைந்து, இருபது டிகிரி இறங்கினால் குற்றம் காற்று வழியில். மூன்று நான்கு டிகிரி மட்டும் இறங்கினால் குற்றம் கூலர் உட்கார்ந்த விதத்தில். இன்டெல்லோடு வரும் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் கால்கள் உண்டல்லவா, அவற்றில் ஒன்று முழுதாக அழுந்தாமல் நின்றிருப்பதை நான் பார்த்த தடவைகளுக்கு எண்ணிக்கை இல்லை. மேலிருந்து பார்த்தால் தெரியாது. போர்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால், நாலு கால்களின் கறுப்பு முனையும் வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு சமமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று உள்வாங்கியிருந்தாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவியிருக்கும் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்து மறுபடி அழுத்துங்கள். பேஸ்டில் எந்த பிராண்டு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நல்லதுக்கும் சுமாருக்கும் இந்த வாட்டில் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகையாக இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தகராறு ஆரம்பிக்கிறது என்பதுதான் துப்பு. கூலர் சரியாக உட்காரவில்லை என்றால் படம் போட்ட சில நிமிடங்களிலேயே சூடு ஏறி நின்றிருக்கும். மெதுவாக ஏறுகிறது என்றால் பெட்டியின் தகரமும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து சூடாகிக்கொண்டே போகின்றன. நேரில் பார்க்காமல் சொல்வதால் இது ஊகம்தான், மூடி சோதனை முடிவு சொல்லிவிடும்.

பிராசஸரின் சூட்டை மூன்று படிக்கட்டாகப் பாருங்கள். அறையின் சூடு முதல் படி. அறையைவிடப் பெட்டிக்குள் இருக்கும் காற்று எவ்வளவு கூடுதல் என்பது இரண்டாவது. அந்தக் காற்றைவிடப் பிராசஸர் எவ்வளவு கூடுதல் என்பது மூன்றாவது. கூலரை மாற்றினால் மூன்றாவது படி மட்டும்தான் குட்டையாகும். உங்களுக்கு உயர்ந்து நிற்பது இரண்டாவது படி. கொதிக்கிற காற்றையே திரும்பத் திரும்ப வாங்கி ஊதுகிற கூலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் ஒன்றுதான்.

இரண்டாவது படிக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பெட்டிக்குள் செலவாகும் வாட்டை 1.76 ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று பெட்டியைக் கடந்து போகிறதோ அதால் வகுங்கள். நுழைந்த காற்றைவிட வெளியேறும் காற்று எத்தனை டிகிரி கூடுதல் என்று வந்துவிடும். 60 வாட்டுக்கு 3 கன அடி காற்று என்றால் 35 டிகிரி ஏறும். 10 கன அடி என்றால் பத்தரை. 20 என்றால் 5. 40 கன அடி என்றால் இரண்டரை. கவனித்தீர்களா, மூன்றிலிருந்து பத்துக்குப் போவதில்தான் லாபமெல்லாம். இருபதைத் தாண்டினால் சத்தம் கூடுமே தவிர, சூட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காது. நோக்டுவா கம்பெனியின் 80 மி.மீ. ஃபேன் ஒன்றுக்கு ஏறக்குறைய 32 கன அடி என்று போட்டிருப்பார்கள். அது முன்னாலும் பின்னாலும் தடையே இல்லாதபோது, முழு வேகத்தில். கீறல்களுக்குப் பின்னால் வைத்தால் அதில் ஒரு பங்குதான் தேறும். தேறுவது பத்து கன அடி என்றாலும் உங்களுக்குப் போதும். ஒரே ஒரு நிபந்தனை, அந்தக் காற்று முழுப் பெட்டியையும் கடந்து போயாக வேண்டும்.

இந்த நிபந்தனையில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். என் வீட்டுக்கு முதல் தடவை டெக் பெட்டியில் கம்ப்யூட்டர் செய்தபோது மூடியின் பின்பக்கம் 80 மி.மீ. ஃபேனை வெளியே ஊதும்படி வைத்தேன். பெரிதாக இறங்கும் என்று நினைத்தால் மூன்று டிகிரி இறங்கி அப்படியே நின்றது. ஃபேனில் கையை வைத்தால் காற்று நன்றாகத்தான் வருகிறது, ஆனால் சூடே இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ராத்திரி சாமி மாடத்திலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து வந்து பெட்டியைச் சுற்றிக் காட்டினேன். முன்பக்கம் காட்டியபோது புகை நேராக மேலே போனது, ஓர் இழைகூட உள்ளே திரும்பவில்லை. ஃபேனுக்குப் பக்கத்திலேயே இரண்டு அங்குலத் தூரத்தில் அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் கீறல்கள். அங்கே காட்டியதும் புகை சட்டென்று வளைந்து கீறலுக்குள் நுழைந்து, அடுத்த நொடி ஃபேன் வழியாக வெளியே வந்தது. காற்று குறுக்கு வழி பிடித்திருக்கிறது. பிராசஸர் இருக்கும் மூலைக்கு அது போகவே இல்லை. கீறல்களின் மேல் அகலமான செல்லோ டேப்பை ஒட்டினேன். அரை மணி நேரத்தில் இன்னும் பதினோரு டிகிரி இறங்கிவிட்டது. துளையை அடைத்ததால் சூடு குறைந்தது என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. நீங்களும் இந்த ஊதுபத்திச் சோதனையைச் செய்து பாருங்கள். அறையின் மின்விசிறியை அணைத்துவிடுங்கள், சாம்பலும் பொறியும் கீறலுக்குள் விழாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள்.

சூடான காற்று மேலேதானே போகும், அதனால் துளை மேலேதானே வேண்டும் என்று கேட்பீர்கள். மேலே போகும் என்பது உண்மை. ஆனால் ஒன்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் அந்த உந்துதல் ஒரு பாஸ்கல் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். சின்ன ஃபேன் ஒன்று சாதாரணமாகவே பல பாஸ்கல் தரும். ஆள் உயர அலமாரியில் காற்று தானாக மேலே ஏறும் என்பதை நம்பலாம். தட்டையான பெட்டியில் அதை நம்பி மூடியை வெட்ட வேண்டியதில்லை. பக்கவாட்டிலோ பின்னாலோ ஃபேன் எங்கே இழுக்கிறதோ, காற்று அங்கே போகும்.

அதனால் மூடியைத் தொடாதீர்கள். உங்கள் பெட்டியில் ஏற்கெனவே அருமையான ஒரு வாசல் இருக்கிறது, கேசட் போடும் கதவு. வி.ஹெச்.எஸ். கேசட்டின் அகலம் 187 மி.மீ., கனம் 25 மி.மீ. அது நுழைகிற வாய் என்பதால் கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். 80 மி.மீ. ஃபேனின் நடுக்குமிழைக் கழித்துவிட்டால் அதன் வாயே 40 சதுர சென்டிமீட்டருக்குள்தான். கதவை முழுதாகத் திறந்து வைத்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஓர் அழிரப்பர் துண்டை உள்ளே முட்டுக் கொடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் உள்சாய்ந்து நிற்கும்படி செய்யுங்கள். எதிரே உட்கார்ந்து பார்த்தால் நிழல் மாதிரிதான் தெரியும். காற்று அங்கே நுழைந்து, போர்டின் மேல் படர்ந்து, பின்பக்கம் ஒரே ஒரு 80 மி.மீ. ஃபேன் வழியாக வெளியேறட்டும். மற்ற எல்லாக் கீறல்களையும் உள்பக்கமிருந்து டேப் போட்டு அடையுங்கள். பெட்டியின் உள் உயரம் 80 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் இரண்டு 60 மி.மீ. ஃபேன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், சத்தம்தான் கொஞ்சம் கீச்சென்று இருக்கும்.

பின்தகட்டை வெட்டும்போது போர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துருவல் ஒன்று போர்டின் அடியில் மாட்டினால் எல்லாம் போச்சு. 76 மி.மீ. வட்ட ரம்பம் சரியாக இருக்கும், அதுதான் கடையில் மூன்று அங்குலம் என்று கேட்டால் கொடுப்பது. திருகுத் துளைகளுக்கு நடுவே 71.5 மி.மீ. விடுங்கள், ஓரத்தை அரத்தால் தேய்த்து மழுங்க வையுங்கள். தகட்டையே சல்லடை மாதிரி சின்னச் சின்னத் துளையாகப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஃபேன் வைப்பது பார்க்க அழகாக இருக்கும், காற்றில் பாதியைத் தின்றுவிடும், இரைச்சலும் அதில்தான் கூடும். முழு வட்டமாக வெட்டிக் கம்பி வலை ஒன்றை மாட்டுவதே நல்லது. டெக்கின் பழைய பவர் சப்ளை இன்னும் உள்ளேயே இருந்தால் ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட்டை நேராக வாங்கும் வகையில் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அதை அனுபவித்துக் கற்றுக்கொண்டவன் சொல்கிறேன்.

சரி, சூட்டை வெளியேற்றுவது ஒரு பாதி. உண்டாக்காமலே இருப்பது மறுபாதி, எனக்கு இதுதான் பிடித்த பாதி. படம் பார்க்க ஐ5-8400 ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறது? அதன் உள்ளே இருக்கும் யு.ஹெச்.டி. 630 கிராஃபிக்ஸ், ஹெச்.264, பத்து பிட் ஹெச்.இ.வி.சி., வி.பி.9 ஆகிய சுருக்கிய வீடியோ வடிவங்களைத் தனி வன்பொருளிலேயே பிரித்துவிடும், பிராசஸருக்கு வியர்க்காது. ஆனால் ஏ.வி.1 என்ற புது வடிவம் அதற்குத் தெரியாது. இன்டெல்லின் மேசைக் கணினிகளில் அந்த வசதி பதினோராம் தலைமுறையில்தான் வந்தது. யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களை ஏ.வி.1 வடிவில்தான் அனுப்புகிறது. அந்த வேலை முழுவதும் பிராசஸரின் ஆறு கோர்களின் தலையில் விழுகிறது. ஓடுகிற வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து விவரங்களைத் திறந்தால் கோடெக் (வீடியோ வடிவம்) வரியில் ஏ.வி.01 என்று தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால், ஏ.வி.1-ஐ மட்டும் தடுக்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைப் போட்டுவிட்டால் யூடியூப் வி.பி.9-க்கு மாறிக்கொள்ளும். கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் பார்க்கிறீர்கள் என்றால், படம் ஓடும்போது ஆங்கில ஓ எழுத்தை அழுத்துங்கள். பிரிக்கும் வேலை வன்பொருளில் நடக்கிறதா, மென்பொருளில் நடக்கிறதா என்று திரையிலேயே எழுதும். பத்து பிட் ஹெச்.264 கோப்புகள் உங்கள் பிராசஸரின் வன்பொருளுக்குப் பிடிபடாது, அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் சேர்த்து வைப்பவர்களிடம் அது நிறைய இருக்கும்.

இன்னொன்று, பிராசஸர் தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போவை அணைப்பது. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ நின்றுவிடும். 8400 அப்போது 4 கிகாஹெர்ட்ஸ் வரை பாயாமல் 2.8-லேயே ஓடும். படம் பார்க்க அது தாராளம். கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் மின்சாரம் அநியாயமாகச் செலவாகிறது, அதை விட்டுக்கொடுத்தால் சூடு சட்டென்று குறையும். இந்த இரண்டையும் செய்த பிறகும் புது கூலர் வேண்டும் என்று தோன்றினால், நோக்டுவா என்.ஹெச்.-எல்9ஐ மாதிரி 37 மி.மீ. உயரக் கூலர் உங்கள் பெட்டியில் வசதியாக உட்காரும். அதை வாங்குவதன் பலன் சூட்டைவிடச் சத்தத்தில்தான் தெரியும்.

பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் வெளியே தள்ளப் பாருங்கள். பைக்கோ பி.எஸ்.யு. என்று விரல் நீளச் சின்ன போர்டு ஒன்று உண்டு, அதை மதர்போர்டிலேயே செருகிவிட்டு, லேப்டாப் மாதிரி 12 வோல்ட் அடாப்டரைத் தரையில் போட்டுவிடலாம். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவதில் வரும் சூடு மொத்தமும் பெட்டிக்கு வெளியே போய்விடும். பெரிய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கேசட் கதவுக்கு நேர் பின்னால், குளிர்ந்த காற்று முதலில் படும் இடத்தில் வையுங்கள். பிராசஸர் 80 டிகிரியைத் தாங்கும், உங்களுடையதற்கு எல்லை 100. ஆனால் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 60 டிகிரிதான் உச்சம்.

எத்தனை டிகிரி சரி என்பதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். வெளிநாட்டு விமர்சனங்களில் இதே கூலர் 58 டிகிரி காட்டியதே, எனக்கு மட்டும் ஏன் 72 என்று கேட்பார்கள். அவர்கள் அறை 21, 22 டிகிரி. ஏ.சி. போடாத நம் வீட்டு ஹால் மே மாதத்தில் 35, 36. முதல் படியே பதினான்கு டிகிரி உயரம், அது அப்படியே மேலே வந்து சேரும். கோடையில் 75 வரை போனால் பிராசஸரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடுதான் எனக்குக் கவலை. போர்டிலும் அடாப்டரிலும் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் பத்து டிகிரி கூடினால் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அது தோராயம்தான், ஆனாலும் உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றியே பல வருடம் சம்பாதித்திருக்கிறேன். ஆகவே உள்காற்றை 45-க்குள் வைக்கப் பாருங்கள். சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் கம்பியைக் கேசட் கதவு வழியாக விட்டால் அளந்துவிடலாம்.

மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடு வைத்துக் குளிர வைக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். வேண்டாம். அது வெளியேற்றும் சூட்டோடு தான் தின்னும் மின்சாரத்தையும் சூடாக்கிக் கொடுக்கும், மழைக்காலத்தில் போர்டின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

கடைசியாக அந்த ஸ்டாண்ட். முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் பிளைவுட் என்றீர்கள். அதுவே இன்னொரு பெட்டி, மேலே சொன்ன கணக்கு முழுவதும் அதற்கும் பொருந்தும். படம் பார்க்கும்போது கண்ணாடியைத் திறந்து வையுங்கள், பின்பிளைவுட்டில் ஃபேனுக்கு நேரே பெரிதாக வெட்டிவிடுங்கள், சுவருக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். செட் டாப் பாக்ஸை டெக்கின் மேல் அடுக்காதீர்கள். கேசட் கதவின் பின்னால் வலை கட்டாயம் வேண்டும். தூசிக்காக மட்டும் இல்லை, கதகதப்பான இடம் என்றால் நம் ஊர்ப் பல்லி முட்டை போடவே வந்துவிடும். ஆனால் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டினால் காற்று நின்றுவிடும். ஒற்றை மடிப்புப் போதும், மாதம் ஒரு தடவை பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள்.

அப்புறம், கூட்டிலிருந்து கழற்றிய டெக்கின் உறுப்புகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் வைத்திருங்கள். கடைசி வரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழைய கல்யாணக் கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்கள் டேப்பைப் படிக்கும் ஹெட் டிரம்முக்கும் ரப்பர் பெல்ட்டுக்கும் இன்றும் அலைகிறார்கள். டிரம்மைக் கையால் தொடாமல் ஒரு மெல்லிய துணியில் சுற்றி வைத்துவிட்டு, மூடி சோதனையில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.